எண்ணெய் இடக்கூடாது

எங்கள் சமையலறை அலமாரிக் கதவின் கீல் கீச்சிடும். திறக்கும்போது ஒரு சத்தம், மூடும்போது வேறொரு சத்தம். அந்தத் திங்கட்கிழமை காலை டம்ளர் எடுக்க அதைத் திறந்த என் மனைவி, முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஊர்ல இருக்கற லிஃப்ட்டுக்கெல்லாம் எண்ணெய் விடறீங்க. இதுக்கு ரெண்டு சொட்டு விட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள். மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "கேன் காலி. வாங்கிட்டு வந்து விடறேன்," என்றேன். நம்பிவிட்டாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

ஐயா, உங்கள் விசாரணை அறிக்கையை இரண்டு முறை படித்தேன். இறந்தவரின் கணவன் என்பதால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தீர்கள். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஓர் ஒற்றுப்பிழைகூடக் கண்ணில் படவில்லை; அரசாங்கக் காகிதத்தில் இது அபூர்வம். பதினோராம் பக்கத்தில் ஒரே ஒரு வரி மட்டும் தவறு. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அந்த வரிக்கு வருமுன் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்பது மாடிக் கட்டடம். கீழே கடைகள், மேலே அலுவலகங்கள், நான்காம் மாடியில் பல் மருத்துவமனை. என் மனைவி அங்கே உதவியாளராக இருந்தாள். நான் அந்தக் கட்டடத்தின் இரண்டு லிஃப்ட்டுகளையும் இருபத்திரண்டு வருடம் பார்த்துக்கொண்டவன். எல்லோரும் என்னைக் கயிறண்ணன் என்பார்கள். பல் மருத்துவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. அந்தக் கட்டடத்தில் இருந்த ஆயிரம் பேரும் என் கயிற்றில்தான் ஏறி இறங்கினார்கள்.

கம்பிக்கயிறு ஒளிவுமறைவு இல்லாத பொருள், ஐயா. லிஃப்ட்டை மெல்ல ஓடவிட்டு, கையில் பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு, கயிற்றைத் தொட்டபடி நிற்பேன். எங்காவது ஒரு கம்பி அறுந்திருந்தால் அதன் முனை துணியைப் பிடித்து இழுக்கும். நிறுத்தி, சாக்பீஸால் குறி வைப்பேன். ஒரு சாணுக்குள் எத்தனை குறி என்று பார்த்தால் கயிற்றின் ஆயுள் தெரிந்துவிடும். காய்ந்திருந்தால் எண்ணெய் கேட்கும். கொடுத்தால் குடித்துக்கொள்ளும். நோய் வந்தால் வாய்விட்டுச் சொல்லும் மனிதரைப் போல அது.

இடது லிஃப்ட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று கட்டடச் சங்கம் முடிவெடுத்தபோது, கயிற்றுக்குப் பதிலாகப் பெல்ட் போடலாம் என்று சொன்னது என் மனைவியின் தம்பி. அவன் அப்படிப்பட்ட லிஃப்ட்டுகள் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்தான். அம்மா இல்லாத பிள்ளை. பதினான்கு வயதிலிருந்து எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவளுக்கு அவன் தம்பியா பிள்ளையா என்று கேட்டால் அவளே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள்.

பெல்ட்டைச் சுருட்டி ஓர் அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தான். மோட்டார் அறையில் என் மேஜைமேல் வைத்து விரித்துக் காட்டினான். அகலம் இரண்டு விரல், கனம் இரண்டு நாணயம். தலைமுடிபோன்ற இரும்பு இழைகளை உள்ளே வைத்துக் கறுப்புப் பிளாஸ்டிக்கால் மூடியிருந்தார்கள்.

"தொட்டுப் பாருங்க மாமா."

தொட்டேன். வழவழவென்று, லேசாக ஒட்டிக்கொண்டு, உடனே விட்டது. யாரோ சப்பிவிட்டு வைத்த பொருளைத் தொட்டதுபோல இருந்தது. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன். அவன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"சத்தமே வராது. ஓடறதே தெரியாது. மூச்சுகூட விடாது."

"மூச்சு விடாததுக்குப் பேரு பொணம் மாப்ளே."

"உங்க கயிறு விடற மூச்சு ஒன்பதாவது மாடி வரைக்கும் கேக்குது. அதுக்கு ஆஸ்துமா."

அன்று இரவு சாப்பிடும்போது இதை அவன் அக்காவிடம் சொல்லி, இரண்டு பேரும் புரையேறுமளவுக்குச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் கோபம் என்று சொல்லிவிடுவார்கள்.

உள்ளே இழை அறுந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் பிளாஸ்டிக்குக்குள் ஒன்றும் தெரியாது அல்லவா. அதற்கு ஒரு சின்னப் பெட்டி இருந்தது. இழைகளுக்குள் கொஞ்சம் மின்சாரத்தை அனுப்பி அதுவே பார்த்துக்கொள்ளுமாம். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை விளக்கு. இருபத்திரண்டு வருடம் என் உள்ளங்கை செய்த வேலையை ஒரு பச்சை விளக்கு செய்யும் என்றான். என்னை மட்டம் தட்டச் சொல்லவில்லை. உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் சொன்னான். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

ஐந்து பெல்ட்டுகளையும் பொருத்திய அன்று, மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் தாளை அவனே கையெழுத்துப் போட்டு ஒட்டினான். எண்ணெய் இடக்கூடாது. கயிறு இரும்பு, அதற்கு எண்ணெய் வேண்டும். பெல்ட் பிளாஸ்டிக், அது சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதே உராய்வில்தான், எண்ணெய் பட்டால் பிடி வழுக்கும் என்று விளக்கினான். விளக்கி முடித்து என் கேனைப் பார்த்தான்.

"இதை இனிமே பரண்ல போட்டுடலாம் மாமா. இல்லன்னா அக்கா கிட்ட குடுங்க, முடிக்குத் தேச்சுக்கட்டும்."

ஐயா, ஒன்றைச் சொல்கிறேன், நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. எண்ணெயை மறுக்கும் பொருளின்மேல் எனக்கு அருவருப்பு. பராமரிப்பு வேண்டாம் என்று சொல்கிற எதுவும் மனிதனை வேண்டாம் என்றுதான் சொல்கிறது. தினமும் மேலே போய் எட்டிப் பார்ப்பேன். ஐந்து கறுப்பு நாக்குகள் சத்தமில்லாமல் சக்கரத்தை நக்கிக்கொண்டே ஏறி இறங்கும். மதியச் சாப்பாட்டை மோட்டார் அறையில் சாப்பிடுவதை விட்டேன்.

அந்த அறைக்கும் நாள் குறித்துவிட்டார்கள். பெல்ட்டை இழுக்கும் மோட்டார் சின்னது. லிஃப்ட் ஓடும் குழிக்குள்ளேயே மேல்சுவரில் உட்கார்ந்துவிடும். வலது லிஃப்ட்டையும் மாற்றிவிட்டால் மோட்டார் அறையே தேவையில்லை. பல் மருத்துவர் தன் பழைய நாற்காலிகளைப் போட்டுவைக்க அந்த அறையைக் கேட்டிருந்தார். என்னை என்ன செய்வது என்று சங்கச் செயலாளரிடம் கேட்டேன். நல்ல மனிதர், யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"உங்களை விட்டுட மாட்டோம் கயிறண்ணே. கண்ணாடி, ஸ்டீல் எல்லாம் புதுசா வருது இல்ல? கைரேகை படும். யாராவது துடைக்கணுமே."

வலது லிஃப்ட்டைப் பற்றிய முடிவு அந்தத் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு. சங்கத்தார் ஏழு பேரும் இடது லிஃப்ட்டில் ஏறி இறங்கிப் பார்ப்பதாகவும், என் மச்சினன் விளக்கம் சொல்வதாகவும் ஏற்பாடு. அவன் புதுச் சட்டை வாங்கியிருந்தான். அவன் அக்கா அதைச் சனிக்கிழமையே தேய்த்து மாட்டிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கட்டடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். நான் கேனையும் புதிய பருத்தித் துணியையும் எடுத்துக்கொண்டு போனேன்.

இனி பதினோராம் பக்கம். "பொருத்திய தொழிலாளர்களின் கவனக்குறைவால் பெல்ட்டுகளின்மேல் எண்ணெய் சிந்தியிருக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். சிந்தவில்லை, ஐயா. சிந்திய எண்ணெய் ஓரிடத்தில் தேங்கும், ஓரிடத்தில் காயும், தரையில் வட்டம் போடும். அப்படி எதையாவது பார்த்தீர்களா? ஐந்து பெல்ட்டுகளுக்கும், அவை சக்கரத்தைத் தொடும் பக்கமாக, மேலிருந்து கீழ்வரை, துணியால் ஒரே அழுத்தத்தில் இட்டேன். லிஃப்ட்டை ஓர் அடி ஓர் அடியாக நகர்த்தி இரண்டரை மணி நேரம் செய்த வேலை. தரையில் ஒரு சொட்டு விழவில்லை. அதைப் போய்க் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். என் வாழ்நாளில் நான் கவனக்குறைவாக எண்ணெய் விட்டதில்லை.

முடித்துவிட்டுக் காலியாக ஓட்டிப் பார்த்தேன். கீழ்த்தளத்தில் நிற்க வேண்டிய கூண்டு, தரைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பெட்டிக்கு அறுவது தெரியும், வழுக்குவது தெரியாது. இதைத்தான் நான் ஏழு பேருக்கும் காட்ட விரும்பினேன். அவர்கள் ஏறும்போது லிஃப்ட் கொஞ்சம் நழுவ வேண்டும். செயலாளர் கால் தடுக்க வேண்டும். புதுச் சட்டை போட்டவன் முகத்தில் ஈயாடாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. ஒரு மனிதனின் அளவான ஆசை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் காவலாளி போன் செய்தான்.

"கயிறண்ணே, புது லிஃப்ட் படிக்கட்டு மாதிரி எக்கி நிக்குது. ஒரு அம்மா தடுக்கிட்டாங்க. நிறுத்திடவா?"

"வேண்டாம். பதினோரு மணிக்குப் பெரியவங்க வராங்க. அவங்களே பாக்கட்டும்."

'பழுது' என்று எழுதிய பலகை மோட்டார் அறையில் என் காலடியில்தான் இருந்தது. மாட்டியிருந்தால் என் மச்சினன் முன்னதாகவே வந்து பார்த்திருப்பான். கெட்டிக்காரன். விரலால் ஒரு தொடு, மூக்கில் வைத்து ஒரு முகர்வு, விஷயம் முடிந்திருக்கும். பெல்ட்டைத் துடைத்துச் சுத்தம் செய்து பதினொரு மணிக்குத் தயாராக நிறுத்தியிருப்பான். அதனால் மாட்டவில்லை. வலது லிஃப்ட்டையும் பராமரிப்பு என்று சொல்லி நிறுத்திவைத்திருந்தேன். எல்லோரும் இடது லிஃப்ட்டிலேயே போகட்டும், எத்தனை பேர் தடுக்குகிறார்களோ அத்தனை சாட்சி என்று கணக்குப் போட்டேன்.

ஒன்பதே முக்காலுக்கு என் மனைவி போன் செய்தாள். கீழ்த்தளத்திலிருந்து. பல் அச்சுகள் வந்த பெட்டியை வாங்கிப்போக இறங்கி வந்திருக்கிறாள். நோயாளிகளின் பல்வரிசையைச் சுண்ணாம்பு மாவில் அப்படியே வார்த்து அனுப்புவார்கள், கனமாக இருக்கும்.

"என்னங்க, உங்க லிஃப்ட் ஏன் நிக்குது?"

"எண்ணெய் விடறேன்."

"தம்பி லிஃப்ட் ரெண்டு விரக்கடை மேல நிக்குதே. மெதுவா ஆடற மாதிரி வேற இருக்கு. ஏறலாமா? பெட்டி கையை இழுக்குது."

ஐயா, இந்த உரையாடல் உங்கள் அறிக்கையில் இல்லை. போன் வந்ததைக் குறித்திருக்கிறீர்கள்; நாற்பது விநாடி என்றும் எழுதியிருக்கிறீர்கள். என்ன பேசினோம் என்று என்னிடம் கேட்டபோது, மதியச் சாப்பாட்டைப் பற்றி என்றேன். அழுதுகொண்டிருந்த மனிதனிடம் நீங்கள் அதற்குமேல் கேட்கவில்லை. நான் சொன்னது இது:

"உன் தம்பி போட்டதுதானே. தாராளமா ஏறு."

அவள் சிரித்தாள். "அந்த எரிச்சல் எப்பதான் அடங்குமோ," என்றாள். பிறகு ஏதோ நினைவு வந்தவள்போல, "கேன் காலின்னு சொன்னீங்க? லிஃப்ட்டுக்கு விட மட்டும் எண்ணெய் இருக்கா?" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

மோட்டார் அறைத் தரையில் ஒரு திறப்பு இருக்கிறது. அதன் வழியே குழிக்குள் பார்க்கலாம். எட்டிப் பார்த்தேன்.

இதற்கப்பால் நடந்தது எளிது. ஒரே ஆள் ஏறும் கூண்டைவிட மறுபக்கத்தில் தொங்கும் எதிரெடை கனமானது. பிடி விட்டால் கூண்டு மேலேதான் போகும். கூண்டு தளத்துக்குச் சரியாக நிற்காவிட்டால், அதைச் சரிசெய்ய மோட்டார் தானே கொஞ்சம் திரும்பிப் பார்க்கும். அன்றும் திரும்பியது. அந்தத் திருப்பலில்தான் பிடி முழுதும் விட்டது. சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, ஐந்து பெல்ட்டுகளும் அதன்மேல் எதிர்ப்பக்கம் வழுக்கிக்கொண்டு போயின. சத்தமே இல்லை. அவன் சொன்னது உண்மைதான். பிரேக் பிடித்தது, சக்கரத்தைத்தான் பிடித்தது. பெல்ட்டை யாரும் பிடிக்கவில்லை. கதவு திறந்தபடி கூண்டு ஏறியது. அவள் பெட்டியை முதலில் உள்ளே வைத்துவிட்டு, பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருந்திருக்கிறாள்.

கீழே போவதற்கு நான் படிக்கட்டைத்தான் பயன்படுத்தினேன். ஒன்பது மாடி. அவசரப்படவில்லை என்று சொன்னால் தவறாக நினைப்பீர்கள், முழங்கால் வலி. வாசலில் கூட்டம். தரையெங்கும் வெள்ளைப் பல்வரிசைகள் உடைந்து கிடந்தன. யாரோ ஒருவர் அவற்றைக் காலால் ஒதுக்கி ஒதுக்கி எனக்கு வழி விட்டார். மற்றதை உங்கள் புகைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். எனக்கு நினைவிருப்பது வாசனை. அத்தனைக்கும் நடுவே என் எண்ணெயின் வாசனை வந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை. பல் மருத்துவர் என்னைக் கட்டிக்கொண்டார். அவர் கையிலிருந்த ரப்பர் உறை என் கழுத்தில் பட்டது. அதே வழவழப்பு. அங்கேயே வாந்தி எடுத்தேன். துக்கத்தில் எடுத்தேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பெல்ட் அறுந்துவிட்டதா என்று ஊரே கேட்டது. ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. நீங்கள் வெட்டி எடுத்துப்போன துண்டைப் பார்த்தேன், புத்தம்புதிதாக இருந்தது. ஆனாலும் சங்கம் அந்த லிஃப்ட்டுக்குக் கயிறே போதும் என்று முடிவெடுத்தது. ஆறாவது வாரம் கயிறு வந்தது. மோட்டார் அறை அறையாகவே இருக்கிறது. மதியம் அங்கேதான் சாப்பிடுகிறேன். பெல்ட் மோசமான பொருள் என்று நான் சொன்னது சரியென்று ஆகிவிட்டது. நான் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

என் மச்சினனுக்கு வேலை போய்விட்டது. அவன் தினமும் மாலையில் என் வீட்டுக்கு வருகிறான். தனியாக இருப்பேன் என்று சமைத்து எடுத்து வருகிறான். அந்தப் புதுச் சட்டையை இன்னும் போடவில்லை. நேற்று வந்தவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, பொருத்தின அன்னைக்கு என் கையுறையில எண்ணெய் இருந்திருக்கும்னு இப்ப எனக்கே தோணுது."

"இருந்துதா?"

"ஞாபகம் இல்ல. ஆனா வேற எப்படி வரும்? அந்தச் சிவப்புத் தாள்ல என் கையெழுத்து இருக்கு. நாளைக்குப் போய் நான்தான்னு எழுதிக் குடுத்துடறேன். அக்காவுக்கு நான் செய்யறதுக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

அவனைக் காப்பாற்றத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் அழும்போது மூக்கைச் சட்டைக் கையிலேயே துடைத்துக்கொள்கிறான். பதினான்கு வயதில் வந்தபோதும் அப்படித்தான். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது. ஆனால் அவன் அந்த வேலையைத் தன் வேலை என்று கையெழுத்துப் போடப்போகிறான். கையுறையிலிருந்து அங்குமிங்கும் ஒட்டிய அழுக்கு என்று நீங்களும் அதை எழுதிக்கொள்வீர்கள். அந்த ஐந்து பெல்ட்டுகளிலும் இருந்த எண்ணெய் என்னுடையது. இட்டது நான். வலது லிஃப்ட்டை நிறுத்தியது நான். பலகையை மாட்டாதது நான். ஏறு என்று சொன்னதும் நான்தான். கொன்றது மட்டும் பெல்ட். கயிறாக இருந்திருந்தால் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் அவள் நான்காம் மாடிக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள்.

நேற்று அவன் தண்ணீர் குடிக்க அலமாரியைத் திறந்தான். கீல் கீச்சிட்டது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"இதுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விடட்டுமா மாமா? அக்கா சொல்லிக்கிட்டே இருப்பா."

வேண்டாம் என்றேன். அவன் மெதுவாக மூடினான். மெதுவாக மூடினால் இன்னும் நீளமாகக் கத்தும்.

கேனை இந்தக் காகிதத்தோடு அனுப்புகிறேன். மூடியைத் திறந்து பார்க்கலாம். காலி என்று அவளிடம் சொன்னேன்; அது காலி இல்லை. அடியில் இரண்டு சொட்டு இருக்கிறது. கீல் அப்படியேதான் இருக்கிறது.